எதைப் பற்றி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஒன்பது வருடமாக எழுதி வருகிறேன். வேறு எதைப் பற்றியும் எழுதுவதில்லை. வடக்கே ஏரி என்றும் நெல்லைப் பக்கம் குளம் என்றும் சொல்வதைத்தான் நாங்கள் கண்மாய் என்கிறோம். "எனக்கும் எழுத ஆசை, ஆனா எதைப் பத்தி எழுதறதுன்னு தெரியல" என்று கேட்டு மாதத்துக்கு நாலைந்து பேராவது கடிதம் போடுகிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள். தனித்தனியாகப் பதில் எழுதியதையெல்லாம் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

ஒரே பொருளைப் பற்றித்தான் எழுத வேண்டுமா? மனதில் பட்டதையெல்லாம் எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம். நாட்குறிப்பு போல எழுதி, அதிலேயே நிறைவு காண்கிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆறு மாதத்தில் முப்பத்தொரு கட்டுரை. தேர்தல் பற்றி ஒன்று, சோழர் பற்றி ஒன்று, பார்த்த படம் பற்றி ஒன்று, அம்மாவின் சமையல் பற்றி ஒன்று. திரும்பிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. முப்பத்தொன்றில் எந்தக் கட்டுரையும் இன்னொரு கட்டுரைக்கு உதவவில்லை. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன்.

கண்மாய் என்று முடிவு செய்த பிறகு நிலைமை மாறியது. முதல் கட்டுரைக்காகக் 'கலுங்கு' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டேன். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறக் கட்டிய இடம் அது. பத்தாவது கட்டுரை எழுதும்போது ஒரு விவசாயியிடம், "இந்தக் கலுங்குத் தண்ணி அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகுது?" என்று கேட்க முடிந்தது. அந்த ஒரு கேள்விக்கு அவர் அரை நாள் பேசினார். முதல் மாதமே அவரைப் பார்த்திருந்தால் என்ன கேட்பதென்றே எனக்குத் தெரிந்திருக்காது.

படிப்பவருக்கும் இதில் வசதி உண்டு. ஒன்றைத் தேடி வந்தவருக்கு அதே வகையில் இன்னும் நாற்பது கிடைத்தால் உட்கார்ந்து படிப்பார். ஆனாலும் எழுதுபவருக்குக் கிடைப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

உட்கார்ந்து யோசித்தால் வராது. ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் கைபேசியில் உள்ள படங்களைத் தள்ளிக்கொண்டே போங்கள். வீட்டு விசேஷம், பிள்ளைகள், செல்பி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பழைய வீட்டுக் கதவுகளா? பேருந்துகளா? சுவர் விளம்பரங்களா? யாரும் சொல்லாமல் நீங்களாக நின்று எடுத்த படங்கள் அவை.

இன்னொரு வழியும் உண்டு. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எந்த விஷயத்துக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள்? "தம்பிக்குத்தான் பத்திரம் படிக்கத் தெரியும்", "அக்காகிட்ட கேட்டா எந்தச் செடிக்கு என்ன உரம்னு சொல்லும்". இப்படி ஊர் உங்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

நான் வங்கி ஊழியன். விவசாயக் கடன் விஷயமாக ஊர் ஊராக பைக்கில் போவேன். வழியெல்லாம் கண்மாய்க் கரைதான். நிழலுக்கு ஒதுங்குவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது கரை மேல். நாலு வருடம் தினமும் பார்த்த ஒன்றுதான் என் பொருள் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது.

எந்தத் துறை என்று தெரியும். அதில் நன்றாகப் படித்தும் இருக்கிறேன். அது போதுமா?

உ. வே. சாமிநாதையரின் கதையைப் பாருங்கள். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, தல புராணம் என்று அவர் படித்ததற்குக் கணக்கில்லை. அங்கே முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார், இவரும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பட்டியல் முதலியாரை அசைக்கவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை.

அந்தச் சந்திப்புதான் ஐயரைத் திருப்பியது. முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சமண நூல் என்பதால் புரியாத இடங்கள் நிறைய. கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு வருடம் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு.

தமிழ் என்பது அவருடைய துறை. பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பது அவர் கண்டுகொண்ட பொருள். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க ஒரு மனிதர் கேட்ட ஒரு கேள்வி தேவைப்பட்டது. துறை தெரியும் என்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். அந்தத் துறையில் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி எது? அதற்குப் பக்கத்தில் தேடுங்கள்.

எவ்வளவு தூரம் குறுக்க வேண்டும்?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. 'தமிழர் வரலாறு' எழுதப் போகிறேன் என்பார்கள், நாலு கட்டுரையோடு நின்றுவிடும். காரணம் சோம்பல் கிடையாது. அவ்வளவு பெரிய பொருளில் எங்கே கை வைத்தாலும் ஏற்கெனவே யாரோ நம்மைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு புத்தகத்தைப் படித்து மூன்றாவதாக ஒன்றைச் சுருக்கி எழுதுவது ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

என் பொருள் குறுகிய விதம் இது: தமிழக வரலாறு, அதில் நீர்ப்பாசனம், அதில் கண்மாய், அதில் நான் பைக்கில் போய் ஒரே நாளில் திரும்பக்கூடிய கண்மாய்கள். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் என்று 39 ஆயிரத்துக்கு மேல் இருப்பதாக அரசுக் கணக்கு. அத்தனையையும் பற்றி நான் எழுத முடியாது. என் எல்லைக்குள் இருப்பவை இருநூறு சொச்சம். அந்த இருநூறின் கரையிலும் நான் நின்றிருக்கிறேன் என்று சொல்ல முடியும்.

அளவு சரிதானா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எழுந்திருக்காமல், எதையும் புரட்டாமல் முப்பது தலைப்பு எழுதுங்கள். பன்னிரண்டில் நின்றுவிட்டால் பொருள் சிறியது, அல்லது உங்களுக்கு அது இன்னும் பழகவில்லை. முப்பதும் வந்து, அத்தனையும் பாடப்புத்தகத் தலைப்பு போல இருந்தால் பொருள் பெரியது. என் தாளில் வந்தவற்றில் சில: மடை திறக்கும் நாள், வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்குக் கூலியாக எவ்வளவு நெல், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது, தண்ணீர் தேங்கும் உள்வாயில் யார் உழுகிறார்கள், கோடையில் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைப் போடுவது, கரையில் காவலுக்கு நிற்கும் அய்யனார், சீமைக்கருவேலம் வந்த பிறகு ஆடு மேய்ப்பது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிக் குறுக்கிவிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

எல்லாருக்கும் உள்ள பயம் இது. எனக்கும் இருந்தது. ஒரு மே மாதத்தில்தான் அது போனது.

வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் நடந்துகொண்டிருந்தேன். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, உள்ளே, இரண்டு கல்தூண்கள் நின்றன. இடையில் குறுக்குக் கற்கள். தண்ணீர் இருக்கும் நாட்களில் மேல்பாதி மட்டும் தெரியும், ஏதோ பழைய தூண் என்று நூறு முறை கடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு அடிவரை தெரிந்தது. கீழே கற்பலகைகளால் ஒரு தொட்டி. அதன் மேல் பலகையில் வட்டமாக ஒரு துளை. கையை விட்டுப் பார்த்தேன், விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அதற்குக் கீழே சிறிய துளைகள், அவற்றில் காய்ந்த வண்டல் அடைத்திருந்தது.

அதன் பெயர் குமிழித்தூம்பு. மேல் துளை நீரோடித்துளை. அதை மூடியிருக்கும் கல்லை ஓர் ஆள் முங்கிப் போய்த் தூக்குவார். தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். கீழே உள்ளவை சேறோடித்துளைகள். ஓடும் தண்ணீர் அவற்றின் வழியாக வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். மடை திறக்கும்போதெல்லாம் கண்மாய் கொஞ்சம் தூர்வாரப்படுகிறது, வயலுக்கு உரமும் சேர்கிறது. இரண்டும் ஒரே கல்தொட்டியில்.

இந்த ஒரு பொருளைப் பற்றி ஏழு கட்டுரை எழுதினேன். இன்னும் முடியவில்லை. மதுரையை எழுதக் கிளம்பியவர் எத்தனையோ பேர், பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் தம் ஆய்வுக்கு அழகர் கோயில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்தக் கோயிலுக்கும் அதைச் சுற்றி வாழும் சமூகங்களுக்கும் உள்ள உறவைத் தோண்டப் போய், அந்த வட்டாரத்தின் வாழ்க்கையே அதற்குள் வந்துவிட்டது.

மா. கிருஷ்ணனையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். 1996இல் இறக்கும் வரை எழுதினார், 46 வருடம். யானையைப் பற்றியும் எழுதினார், வீட்டு முற்றத்துக் காக்கை, அணிலைப் பற்றியும் எழுதினார். அவருக்குத் தீரவில்லை.

நான் அந்தத் துறையில் பட்டம் வாங்கியவன் இல்லையே. எனக்கு என்ன தகுதி?

ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைக் குகை குகையாக ஏறிப் போய்ப் படித்து, 2003இல் அவர் வெளியிட்ட நூல்தான் இன்றைக்கும் அந்தத் துறையில் முதலில் எடுத்துப் பார்க்கும் நூல். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி, தமிழ் சினிமா வரலாற்றில் முன்னோடி.

இவர்களைச் சொல்வதால் படிப்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டு பேரும் அறிஞர்கள் கேட்கும் அதே கறாரோடு உழைத்தவர்கள். போய்ப் பார்த்தால், தேதியோடு குறித்துக்கொண்டால், தெரியாததைத் தெரியாது என்று எழுதினால், தப்பு என்று யாராவது காட்டும்போது திருத்தினால், எழுத உங்களுக்குத் தகுதி உண்டு. மருத்துவமும் சட்டமும் பண முதலீடும் மட்டும் விதிவிலக்கு. நீங்கள் தப்பாக எழுதியதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுவார், சேமிப்பைப் போட்டுவிடுவார். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எதை எழுதினால் நிறையப் பேர் படிப்பார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பணம்தான் நோக்கம் என்றால் அது வேறு கணக்கு, அதற்கு நான் ஆள் இல்லை. ஆனால் எழுத்து நிலைக்க வேண்டும் என்றால் அந்த வழி வேண்டாம் என்பேன். இன்றைக்கு எல்லாரும் தேடுவது அடுத்த வருடம் மாறியிருக்கும். அதற்குள் உங்களுக்கே அது பிடிக்காமல் போயிருக்கும். முதல் ஒரு வருடம் எனக்கு வாசகர்கள் பதினைந்து பேர், அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள். பிடித்த பொருள் என்பதால் மட்டுமே அந்த வருடத்தைக் கடந்தேன்.

சமையல், பயணம், சினிமா எல்லாவற்றிலும் ஏற்கெனவே கூட்டம். எனக்குப் பிடித்தது சமையல்தான். விட்டுவிடவா?

விடாதீர்கள். பொதுவாகச் 'சமையல்' என்று நிற்காதீர்கள், அவ்வளவுதான். கடிதம் எழுதிய ஓர் அம்மா தேவகோட்டைப் பக்கம். மாமியாருக்குச் சர்க்கரை, கணவருக்கு இரத்த அழுத்தம், இரண்டு பிள்ளைகளுக்கும் காரம் வேண்டும். தினமும் ஒரே அடுப்பில் நான்கு பேரையும் திருப்தி செய்கிறார். 'ஒரே குழம்பு, நான்கு தட்டு' என்று எழுதுங்கள் என்றேன். வைத்தியம் சொல்லாமல், தன் அடுப்படியில் நடப்பதை மட்டும் எழுதுகிறார். குழம்பை எந்தக் கட்டத்தில் பிரித்து எடுக்க வேண்டும், உப்பை யாருக்கு எப்போது போட வேண்டும் என்று அவர் எழுதும் நுணுக்கம் எந்தச் சமையல் புத்தகத்திலும் நான் பார்க்காதது.

சொந்த ஊரைப் பற்றி எழுதுவதுதான் நல்லதா?

அப்படி ஒன்றும் இல்லை. எஸ். முத்தையா எங்கள் பக்கத்துப் பள்ளத்தூரில் பிறந்தவர். வளர்ந்ததும் பத்திரிகைத் தொழில் பார்த்ததும் இலங்கையில். 1968இல் சென்னைக்கு வந்தார். வந்து சேர்ந்த ஊரைப் பற்றித்தான் வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1999 முதல் இந்து நாளிதழில் வாராவாரம் சென்னையைப் பற்றிய பத்தி, 2019இல் மறையும் காலம் வரை. புதிதாக வந்தவர் கண்ணுக்குத்தான் சில விஷயம் படும். திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போனவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு பொருள் சமமாகப் பிடிக்கிறது. என்ன செய்ய?

ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வருடம் எழுதுங்கள். மற்றதற்கு ஒரு நோட்டு போட்டுக் குறித்து மட்டும் வையுங்கள். மேலே சொன்ன தியடோர் பாஸ்கரன் சினிமா வரலாற்றோடு காட்டுயிர், சுற்றுச்சூழல் பற்றியும் நிறைய எழுதியவர். இரண்டும் முடியும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டும் நிற்கும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

பொருள் எந்த மொழியில் பேசப்படுகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். மடை, மதகு, தூம்பு, குமிழி, கலுங்கு, மறுகால் என்று எங்கள் ஆட்கள் சொல்வதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் வைத்து ஒப்பேற்றுவார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பாதிக் கண்மாய் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். ஒரு வட்டாரத்தின் பேச்சுக்கு அகராதி போடும் அளவுக்குப் பொருள் இருக்கிறது என்று அப்போது எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? உங்கள் தொழிலில், உங்கள் தெருவில் புழங்கும் சொற்களை முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். அந்தச் சொல்லைச் சொல்கிறவர் போய்விட்டால் அப்புறம் கேட்க ஆள் இல்லை.

குடும்பத்தைப் பற்றியோ அலுவலகத்தைப் பற்றியோ எழுதலாமா?

அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். சங்கடப்படுவார்கள் என்று தோன்றினால் கேட்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நடுவில் சலித்துவிட்டால்?

சலிக்கும். எனக்கு மூன்றாம் வருடம் வந்தது. மழை பொய்த்து, எல்லாக் கண்மாயும் ஒரே மாதிரிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. நாலு மாதம் எழுதவில்லை. பிறகு கரையிலிருந்து இறங்கி, கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டுப் பக்கம் போனேன். தண்ணீர் இல்லாத வருடம் யார் எந்த வேலைக்குப் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். பொருள் அதேதான், நான் நின்ற இடம் மாறியது. அப்படி மாறியும் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு பொருளுக்குப் போங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. அதுவரை எழுதியதை அழிக்க மட்டும் செய்யாதீர்கள். யாருக்கோ அது தேவைப்படும்.

சரி, பொருள் முடிவாகிவிட்டது. முதல் கட்டுரை எதைப் பற்றி?

தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளில் தொடங்குங்கள். முன்னுரை, நோக்கம், பொருளின் சிறப்பு எதுவும் வேண்டாம்.

என் முதல் கட்டுரை ஒரு கலுங்கைப் பற்றி. அதன் மேல் இடுப்பளவு உயரத்தில் வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன. ஏதோ மண்டபம் இருந்து இடிந்திருக்கிறது, தூண்களின் மிச்சம் இவை என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே ஊர்ப் பெரியவர் ஒருவர், பேரன் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கலுங்குக்கே கூட்டிப் போனார். இரண்டு கற்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கையால் அளந்து காட்டினார். "மண்டபமும் இல்ல ஒன்னும் இல்ல தம்பி. கண்மாய் பெருகி, மழை நிக்கிற நேரம் பாத்து, இந்தக் கல்லுக்கு நடுவுல வைக்கோலும் மண்ணும் வச்சு அடைப்போம். ஒரு முழம் தண்ணி கூட நிக்கும். அந்த ஒரு முழத்துலதான் கடைசி வயலு விளையும்."

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திருத்தினேன். தப்பாக எழுதியதையும் யார் திருத்தினார் என்பதையும் சேர்த்தே எழுதினேன். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த சொற்களை மட்டும் தனியாக ஒரு நோட்டில் குறித்திருந்தேன். அதில் பதினேழு சொல் இன்னும் நான் எழுதாமல் இருக்கிறது.